காய் எடுக்கப் போனவளை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

போடி வட்டாரத்தில் சிலமலையோ ராசிங்காபுரமோ டொம்புச்சேரியோ, ஏதோ ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் மாதம் அங்கே நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மே மாதத்தில் இருந்ததைவிடப் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இது கெட்ட செய்தி. திரையில் அந்த ஊராட்சி சிவப்பாகத் தெரியும். பி.டி.ஓ. எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். பி.டி.ஓ. திரும்பி வந்து ஊராட்சிச் செயலரைத் திட்டுவார். செயலர் பணித்தளப் பொறுப்பாளரைத் திட்டுவார். பணித்தளப் பொறுப்பாளர் பெரும்பாலும் நம் தெருவைச் சேர்ந்த, பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த ஒரு பெண். அவளுக்குக் கீழே திட்டுவதற்கு ஆள் கிடையாது. அரசு நிர்வாகத்தில் "செயல்திறன் மேலாண்மை" என்று அழைக்கப்படுவது, கீழே வந்து சேரும்போது பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் இருக்கிறது.

மலையைத் தெரிந்தவர்கள் அந்த எண்ணை வேறு மாதிரி படிப்பார்கள். ஆடி கழிந்து ஏலக்காய் எடுப்பு சூடுபிடித்துவிட்டால், சேரிப் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறிவிடுவார்கள். முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். அந்த மாதங்களில் ஏரி வேலைக்கு ஆள் குறைவது இயல்பு. மேலே கூலி கூடுதல், அன்றன்றோ வாரக் கடைசியிலோ கைக்கு வந்துவிடும். ஆக, எண் குறைந்தது நல்ல செய்தியாக இருக்கலாம்.

இல்லாமலும் இருக்கலாம். வேலை கேட்டு மனுக் கொடுத்தும் ஒன்றியம் வேலை திறக்காமல் இருந்திருக்கலாம். போன கோடையில் செய்த வேலைக்கே கூலி வராமல் சலித்துப்போய், ஜீப்பில் உயிரைப் பணயம் வைத்துப் போவதே மேல் என்று பெண்கள் முடிவெடுத்திருக்கலாம். வேலைத்தளம் ஊர்க்காரர்கள் பக்கம் அமைந்து, "காலனி ஆளுக அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லியிருக்கலாம். 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடிகள் வெயிலில் கருகியது போன்ற ஆண்டாக இருந்தால், மேலேயும் வேலை இல்லாமல், கீழேயும் வேலை இல்லாமல் குடும்பத்தோடு திருப்பூருக்கு வண்டி ஏறியிருக்கலாம். குறைவு ஒன்று, காரணம் ஐந்து. இந்த ஐந்தில் எது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜீப் நிற்கும் இடத்தில் போய்க் கேட்டால்தான் தெரியும்.

தோழர்களே, இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், "அளவிடு, இலக்கு வை, தவறினால் தண்டி" என்ற நிர்வாக முறையைப் பற்றி நாம் இதுவரை போதுமான அளவு யோசிக்கவில்லை. நிதி வந்ததா, செலவானதா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அரசு தன்னைத் தானே எப்படி அளந்துகொள்கிறது, அந்த அளவுகோல் நம் தெருவுக்கு வரும்போது என்ன செய்கிறது என்பதும் சாதிப் பிரச்சினைதான்.

நூறு நாள் வேலையின் வருகைப் பதிவையே பாருங்கள். போலி வருகையைத் தடுக்க என்று சொல்லி 2021 மே மாதம் என்.எம்.எம்.எஸ். என்ற கைப்பேசிச் செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் கிட்டத்தட்ட எல்லா வேலைத்தளங்களுக்கும் கட்டாயமானது. காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம். கொட்டகுடி, குரங்கணிப் பக்கம் மலைச்சரிவில் சிக்னல் தேடி நடந்திருப்பவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். கொடுத்த அளவு மண்ணை மதியத்துக்குள் வெட்டி முடித்துவிட்ட பெண், இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும். படம் ஏறவில்லையென்றால் அன்றைய உழைப்பு அரசுக் கணக்கில் இல்லை.

இத்தனைக்கும் பிறகு போலி ஒழிந்ததா? 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், ஒரே ஆள் பல வருகைப் பதிவேடுகளில் வருகிறார், மதியப் படமே இல்லை என்று ஏழு வகைத் தில்லுமுல்லுகளை அதுவே பட்டியல் போட்டது. தீர்வு என்ன தெரியுமா? ஏற்றப்படும் படங்கள் அனைத்தையும் ஊராட்சி அளவில் ஆட்களை வைத்துச் சரிபார்க்க வேண்டும், அதற்கு மேலே ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என அடுக்கடுக்காகச் சரிபார்ப்பு. ஆளை நம்பாமல் படம் வந்தது, படத்தை நம்பாமல் மறுபடி ஆள் வந்தார். இடையில் கூலியை இழந்தவர்கள் யார் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

இன்னொரு எண். "கூலி 15 நாளுக்குள் கொடுக்கப்படுகிறது" என்று ஆண்டுக்கு ஆண்டு பெருமையாகச் சொல்லப்பட்டது. தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்பது விதி. ஆனால் ஒன்றிய அரசின் கணக்கு எங்கே நின்றது? ஒன்றிய அலுவலகத்தில் பணப் பரிமாற்ற ஆணை உருவாகும் இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு டெல்லியில் எத்தனை வாரம் கிடந்தாலும் அது "தாமதம்" என்ற கட்டத்துக்குள் வராது. 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, தொழிலாளியின் கணக்கில் பணம் ஏறும்வரையிலான தாமதத்துக்குப் பொறுப்பு உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகும் நிலைமை எப்படி இருந்தது என்றால், 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கூலி பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அளவுகோலை எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கிறவன், தன் தவறு தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்கிறான்.

இந்த நோய் நம் ஊரில் மட்டும் இல்லை. பிரிட்டனில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்று 2000களின் தொடக்கத்தில் இலக்கு வைத்தார்கள். சில மருத்துவமனைகளில் நோயாளிகள் ஆம்புலன்ஸ் வண்டியிலேயே காக்க வைக்கப்பட்டார்கள். உள்ளே வந்தால்தானே கடிகாரம் ஓடத் தொடங்கும்! சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பொருளியலாளர் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இன்று அவர் பெயரிலேயே விதியாக வழங்குகிறது. ஓர் அளவை இலக்காக மாற்றிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது அதன் சாரம். நம் ஊர்ப் பள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று பேனர் கட்டுவதற்காக, தேறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பும் பழக்கம் நமக்குத் தெரியும். அந்தப் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதும் தெரியும்.

சிக்கலமைவுக் கோட்பாடு என்று ஒன்று இருக்கிறது. காம்ப்ளெக்சிட்டி தியரி என்று வகுப்பில் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். போடியில் இருப்பவர்களுக்கு ஏலக்காயை வைத்தே புரியவைத்துவிடலாம்.

காய்ந்த ஏலக்காய் கோடவுனுக்கு வருகிறது. சல்லடையில் சலிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது ஒரு தரம், கீழே விழுவது வேறு தரம். நிறம் பார்த்து, பிளந்ததைப் பொறுக்கி எடுப்பது பெண்களின் கை. யார் சலித்தாலும் விடை ஒன்றுதான். இங்கே அளவு வேலை செய்கிறது. ஆனால் அந்தக் காய் வந்த காட்டுக்குப் போங்கள். நிழல் மரம், மழை, மண், பூவுக்கு வரும் தேனீ, பூச்சி, அதற்கு அடிக்கும் மருந்து, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. மகசூலைக் கூட்ட வேண்டும் என்று மருந்தை அள்ளி அடித்தால் தேனீயும் சேர்ந்து சாகும். தேனீ இல்லாவிட்டால் ஏலத்தில் காய் பிடிக்காது. இலக்கை நோக்கி எடுத்த நடவடிக்கையே இலக்கைக் கெடுத்துவிடும். ஏலக்காயைச் சலிக்கலாம், ஏலக்காட்டைச் சலிக்க முடியாது. சிக்கலமைவுக் கோட்பாடு சொல்வது இதுதான்: பல கைகள் ஒன்றையொன்று பார்த்து நடந்துகொள்ளும் அமைப்பில், மேலிருந்து ஒரு நெம்புகோலை அழுத்தினால் கீழே நினைத்த இடத்தில் அசைவு வராது, நினைக்காத இடத்தில் வரும். ராஸ் ஆஷ்பி என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1956இலேயே இதன் இன்னொரு பக்கத்தைச் சொன்னார். ஒன்றைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், அதில் எத்தனை வகை மாற்றங்கள் நடக்குமோ அத்தனை வகைகளுக்கும் பதில் சொல்லும் திறன் கட்டுப்படுத்துகிறவனிடம் இருக்க வேண்டும். டெல்லியிலிருந்து வரும் இரண்டு படங்கள் கொண்ட செயலிக்கு அந்தத் திறன் கிடையாது.

இதில் நம் ஆட்கள் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு கதை உண்டு. 2021 மார்ச்சில் ஒன்றிய அரசு, நூறு நாள் வேலைக் கூலியை எஸ்.சி., எஸ்.டி., மற்றவர்கள் என்று மூன்றாகப் பிரித்து அனுப்ப வேண்டும் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. காரணம் கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கும் நிதி உண்மையிலேயே அவர்களுக்குப் போகிறதா என்று துல்லியமாகக் கணக்குக் காட்ட வேண்டுமாம். நாமே பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கணக்கு அல்லவா இது? ஆனால் வேலைத்தளத்தில் நடந்தது என்ன? ஒரே குழியில் சேர்ந்து மண் அள்ளியவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. ஒரு பிரிவுக்கு வந்தது, இன்னொரு பிரிவுக்கு வரவில்லை. "அவங்களுக்கு மட்டும் ஏன் முதல்ல?" என்ற கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டெல்லியில் ஒரு கணக்குத் தலைப்பு மாறியதற்கு, ஊரில் பதில் சொல்ல வேண்டியவள் கூடையோடு நின்ற தலித் பெண். எதிர்ப்பு வலுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய முறைக்கே திரும்பினார்கள். கணக்குப் போட்டவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்பதே இங்கே கேள்வி இல்லை. சாதி பின்னிக்கிடக்கும் இடத்தில் ஒரு நூலை இழுத்தால் எது இறுகும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, "சரி, இலக்கையும் எண்ணையும் தூக்கிப்போட்டுவிடலாம்" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். டோபி லோ போன்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட அந்த இடத்துக்குத்தான் போகிறார்கள். சிக்கலான சமூகப் பிரச்சினைகளில் விளைவுகளுக்கு இலக்கு வைப்பது பொய்யைத்தான் வளர்க்கும். அதைவிடக் களத்தில் இருக்கும் ஊழியரை நம்புங்கள், அவர் சூழலைப் படித்து, கற்றுக்கொண்டு, முடிவெடுக்கட்டும் என்கிறார்கள். நல்ல மனிதர்களின் நல்ல யோசனை. ஆனால் சேரியிலிருந்து கேட்கும்போது எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

களத்தில் இருக்கும் ஊழியரை நம்பிய கதை நமக்குத் தெரியாதா? வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலையம் போகிறோம். முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். "ரெண்டு பக்கமும் பேசி முடிச்சிடலாம்" என்பார் ஆய்வாளர். நாம் விடாப்பிடியாக நின்றால் நம் பையன்கள் மேல் ஒரு கவுன்டர் கேஸ் விழும். தாசில்தார் சமாதானக் கூட்டம் போடுவார். எல்லாமே "உள்ளூர்ச் சூழலைப் படித்து" எடுத்த முடிவுகள்தான்! "அங்க நெலவரம் சிக்கலா இருக்கு தம்பி, உனக்குத் தெரியாது" என்ற வாக்கியத்தை நம் அளவுக்குக் கேட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. சிக்கல் என்ற சொல்லைக் கோட்பாட்டாளர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே நம்மை வாயடைக்கப் பயன்படுத்திவிட்டார்கள்.

எண் நமக்கு ஆயுதமாகவும் இருந்திருக்கிறது. 1932இல் வாக்குரிமை பற்றி ஆராய லோதியன் குழு வந்தபோது, எங்கள் மாகாணத்தில் தீண்டத்தகாதவர்களே இல்லை என்றும் மிகச் சிலரே இருக்கிறார்கள் என்றும் சாதி இந்துக்கள் சாட்சி சொன்னார்கள். எண்ணிக்கை இல்லையென்றால் பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்காக. அதை எதிர்த்து அம்பேத்கர் மல்லுக்கட்டியது எண்களை வைத்துத்தான். இன்று கையால் மலம் அள்ளுவதில் அதே கதை வேறு வடிவில் நடக்கிறது. அதனால் யாரும் சாகவில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் சொல்லிவிட்டு, கழிவுநீர்த் தொட்டியை "ஆபத்தான முறையில்" சுத்தம் செய்ததில் இறந்தவர்கள் என்று தனியாக ஒரு பட்டியல் தருகிறார்கள். செத்தவர் ஒருவரே. கட்டம் மாறியதும் ஒரு தலைப்பில் எண் பூஜ்யமாகிவிட்டது. அப்படிச் செத்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் என்பது நமக்குத் தனியாகச் சொல்லப்பட வேண்டிய அவமானம். மாநில மக்கள்தொகையில் நாம் 20 சதவீதம் என்ற 2011 கணக்கெடுப்பு எண் இல்லாமல், 2024இல் தமிழ்நாட்டில் எஸ்.சி., எஸ்.டி. வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டம் வந்திருக்காது. எண்ணைக் கைவிடச் சொல்லும் எந்தக் கோட்பாடும் நமக்கு ஆகாது.

அப்படியானால்? சல்லடைக்கும் காட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மறுபடி வருகிறேன். அரசின் வேலைகளில் சில சல்லடை வகையைச் சேர்ந்தவை. புகார் வந்ததும் வழக்குப் பதிவு செய்ய வேண்டும்; 2018 திருத்தத்துக்குப் பிறகு முன்விசாரணை கூடத் தேவையில்லை. 60 நாளில் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போட வேண்டும். நிவாரணத் தொகையை உரிய கட்டத்தில் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூலி 15 நாளில் கணக்கில் ஏற வேண்டும். இவற்றில் சிக்கல் எதுவும் கிடையாது. இவை கடமைகள். இங்கே கறாராக எண்ணுவோம், நாள் கணக்குப் போடுவோம், தவறியவர் மேல் வன்கொடுமைச் சட்டத்தின் நான்காம் பிரிவைக் கேட்போம். இங்கே வந்து சிக்கலமைவுக் கோட்பாடு பேசுகிற அதிகாரியை நம்பாதீர்கள்.

ஆனால் "இந்த மாவட்டத்தில் வன்கொடுமை குறைந்திருக்கிறதா" என்பது காட்டுக் கேள்வி. இதை வழக்கு எண்ணிக்கையால் அளந்து, குறைந்தால் எஸ்.பி.க்குப் பாராட்டு என்று வைத்தால், மறுநாள் முதல் வழக்குகள் குறையும். கொடுமை குறையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில், குற்றம் கூடுவதும் குற்றப் பதிவு கூடுவதும் வேறுவேறு என்று எச்சரித்துத்தான் எண்களைத் தருகிறது. அந்த எச்சரிக்கையை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

எண்ணை யார் படிக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2018 மார்ச் 20 தீர்ப்பைவிட நல்ல பாடம் இல்லை. சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களை எடுத்துவைத்தது. நூற்றில் பதினைந்து பதினாறு புகார்கள் காவல்துறையால் முடித்து வைக்கப்பட்டிருக்கின்றன, நீதிமன்றம் போன வழக்குகளில் 75 சதவீதத்துக்கும் மேல் விடுதலையிலோ வாபஸிலோ முடிந்திருக்கின்றன. ஆகவே சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று படித்து, கைதுக்கும் வழக்குப் பதிவுக்கும் தடைகள் போட்டது. அதே எண்ணை நீங்களும் நானும் எப்படிப் படிப்போம்? சாட்சி மிரட்டப்பட்டார், வழக்கு "எம்.எஃப்." என்று மூடப்பட்டது, பத்து ஆண்டு இழுத்தடிக்கப்பட்டது, வாதி சோர்ந்துபோய்ச் சமரசமானார். ஏப்ரல் 2 நாடு தழுவிய போராட்டத்தில் உயிர்கள் போயின. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபர் 1 அன்று மறுஆய்வில் உச்ச நீதிமன்றமே அந்தக் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. குறைந்த தண்டனை விகிதத்துக்கு விசாரணையின் ஓட்டையும் சாட்சிகளின் நிலையும் காரணமாகலாம் என்று இம்முறை நீதிபதிகள் படித்தார்கள். எண்கள் ஒரு புள்ளிகூட மாறவில்லை. படித்த கண் மாறியது, அந்தக் கண்ணை மாற்றத் தெருவில் ரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

போடிக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்ட அதே 1989ஆம் ஆண்டில்தான் இந்த ஊரும் சுற்றுக் கிராமங்களும் சாதி வன்முறையில் எரிந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளின் வழக்குப் பதிவேட்டைப் பார்த்து யாராவது அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியுமா? பின்னிக்கிடக்கும் அமைப்புகள் அப்படித்தான். பல காலம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஒரு சுவரொட்டி, ஒரு பேச்சு, ஒரு திருவிழா போதும். "நிலைமை அமைதி" என்று மாதாமாதம் அனுப்பப்படும் அறிக்கை, அடியில் என்ன இறுகிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார முடியாமல் நின்றுகொண்டு குடித்தவர்கள். அவர்களைக் கேட்பதற்கு நிர்வாகத்தில் ஒரு வழி வேண்டும்.

ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானா கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் அரசுப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார் என்று படிக்கப் படிக்க, இன்னார் எழுந்து "நான் அந்த வேலைக்கே போகவில்லை" என்றார். அங்கே தொடங்கியதுதான் சமூகத் தணிக்கை. எண்ணைத் தூக்கிப்போடவில்லை, எண்ணுக்குள் இருக்கும் ஆளைப் பேசவைத்தார்கள். எனக்குத் தெரிந்து, அளவையும் சிக்கலையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் முறை இதைவிட எளிதாக வேறு இல்லை. நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சங்கமே இருக்கிறது.

ஆனால் நம் ஊரில் சமூகத் தணிக்கைக் கிராம சபை எப்படி நடக்கிறது? ஊர்ச் சாவடிப் பக்கம், ஊர்க்காரர்கள் நாற்காலியில், நம்மவர்கள் தரையில் அல்லது ஓரத்தில். பதிவேடு உரக்கப் படிக்கப்படுவதே அபூர்வம். படித்தாலும், யார் நிலத்தில் நாளைக்குக் களை எடுக்கப் போக வேண்டுமோ அவர் முகத்துக்கு எதிரே எழுந்து "இது பொய்" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? கோட்கிரானாவில் ஒரு சங்கம் பின்னால் நின்றது. சங்கம் இல்லாத இடத்தில் சமூகத் தணிக்கையும் இன்னொரு டிக் அடிக்கும் கட்டமாகிவிடும். இதனால்தான் தணிக்கைக் கூட்டத்தை நம் தெருவில், நம் பெண்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் முதலில் நடத்த வேண்டும் என்று கேட்கிறோம். இருட்டிய பிறகு, ஜீப் திரும்பிய பிறகு.

இந்தக் கோரிக்கைக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 125 நாள் என்கிறார்கள். கூடவே, விதைப்பு, அறுவடை நெருக்கடிக் காலங்களை முன்கூட்டியே அறிவித்து, ஆண்டில் மொத்தம் 60 நாள் வேலை கொடுக்காமல் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். நிலக்காரர்களுக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம். யாருடைய கூலியைப் பிடித்துவைக்க இந்த ஏற்பாடு என்பது ஒரு தனிச் சண்டை, அதைத் தனியே போடுவோம். இங்கே கேட்க வேண்டியது வேறு. தேனி மாவட்டத்தில் எந்த அறுபது நாள்? நெல்லைப் பார்த்து முடிவெடுப்பார்களா, சோளத்தைப் பார்த்தா, திராட்சையைப் பார்த்தா? போடிச் சேரிகளின் சோற்றைத் தீர்மானிக்கும் பயிர் இந்த மாநிலத்திலேயே இல்லை. அது மேலே, இடுக்கியில் இருக்கிறது. தமிழ்நாட்டு வேளாண் துறையின் அட்டவணையில் அந்தப் பருவத்துக்கு இடம் இருக்காது. 2020இல் கொரோனாவுக்காகப் போடிமெட்டு எல்லையை மூடியபோது, மேலே காய் எடுக்க ஆளில்லை, கீழே அடுப்பு எரியவில்லை. இரண்டு மாநிலக் கணக்கிலும் இந்தப் பெண்கள் யாருடைய பொறுப்பு என்று தெளிவில்லை. மேலே வேலை இல்லாத மாதங்களும் அரசு அறிவிக்கும் அறுபது நாளும் ஒன்றாக விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பகுதிக்கு ஏற்பத் தனித்தனியாக அறிவிக்கலாம் என்றும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த இடத்தில்தான் நாம் காலை வைக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் நாலு பேர் போதும். ஒவ்வொரு ஊரிலும் மலைக்குப் போகும் பெண்களோடு இரண்டு மூன்று இரவுகள் உட்காருங்கள். எந்த மாதம் எத்தனை நாள் மேலே போனார்கள், எப்போது ஜீப் வரவில்லை, எப்போது ஏரி வேலை கேட்டும் கிடைக்கவில்லை, கூலி எத்தனை நாள் கழித்து ஏறியது, அந்தச் சமயம் யாரிடம் கடன் வாங்கினார்கள், பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று மாதவாரியாக ஓர் ஆண்டை எழுதுங்கள். பெயர் வேண்டாம்; கங்காணிக்கும் ஊர்க்காரருக்கும் யார் சொன்னது என்று தெரியக் கூடாது. அதைக் கிராம சபையில் தீர்மானமாக வைத்து, நகலை ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே, மாவட்டக் கண்காணிப்புக் குழு கடந்த இரண்டு ஆண்டில் எந்தெந்தத் தேதியில் கூடியது, நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று ஒரு தகவல் உரிமை மனுவும் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஜூலைக்குள் எழுதி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு காய் எடுப்பு தொடங்கிவிடும், பேச ஆள் வீட்டில் இருக்க மாட்டார்கள்.